இஞ்ச் டேப் முதல் டெக்ஸா ஸ்கேன் வரை: உடற்கொழுப்பை முறையாக அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றியும் காலையில் நடக்க வருபவர்களிடம் எடையைக் கேட்டால் உடனே பதில் வரும். அந்த எடையில் கொழுப்பு எத்தனை கிலோ, தசை எத்தனை கிலோ என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது ஏதோ ஒரு மின்னணுக் கருவி காட்டிய எண்ணாகவே இருக்கும். இந்தக் கட்டுரை, வீட்டில் இருக்கும் இஞ்ச் டேப்பில் தொடங்கி ஸ்கேன் மையம் வரை, எந்த அளவை எப்படி எடுப்பது, வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது.

எடை மட்டும் ஏன் போதாது என்பதற்கு இந்தியர்களுக்கு மிகப் பொருத்தமான சான்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் தங்கள் படங்களையே அதில் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ., 22.3 தான். ஆனால் எக்ஸ் கதிரால் கொழுப்பைத் தனியே பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் யட்கினின் உடலில் 9.1 சதவீதமும் யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதமும் கொழுப்பு இருந்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம் ஊரில் அரிதன்று. அத்தகையவர்களிடம் எடை இயந்திரம் உண்மையின் பாதியை மறைத்துவிடுகிறது. மறுபக்கம், அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் கபடி ஆடிக் கட்டுமஸ்தாக இருக்கும் இளைஞர் ஒருவர், தசையின் எடையாலேயே பி.எம்.ஐ. அட்டவணையில் ‘அதிக எடை’ வரிசையில் விழுந்துவிடலாம்.

அளப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

உயிரோடு இருக்கும் ஒருவரின் கொழுப்பை நேரடியாக நிறுத்துப் பார்க்க வழியில்லை. எல்லா முறைகளும் வேறொன்றை அளந்து, அதிலிருந்து கொழுப்பைக் கணிப்பவைதான். பழைய முறை, உடலை நீருக்குள் மூழ்கடித்து எடை பார்ப்பது; அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயின் குழு 1940-களின் தொடக்கத்தில் இதை நிலைநிறுத்தியது. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.9 கிராம், தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்த மற்றப் பகுதியின் அடர்த்தி சுமார் 1.1 கிராம். ஆகவே மொத்த உடலின் அடர்த்தி தெரிந்தால் கொழுப்பின் பங்கைக் கணக்கிடலாம். 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம் கிடைக்கும் என்ற சிரி என்பவரின் வாய்பாடு இப்படிப் பிறந்ததே.

பின்னர் வந்த இஞ்ச் டேப் வாய்பாடுகளும், தோலைக் கிள்ளி அளக்கும் காலிப்பர் வாய்பாடுகளும் பெரும்பாலும் நீரில் மூழ்கடித்து எடுத்த முடிவுகளோடு ஒப்பிட்டு உருவாக்கப்பட்டவை. அதாவது அவை கணிப்பின் மேல் கட்டப்பட்ட கணிப்புகள். போதாக்குறைக்கு, ஒப்பிடப்பட்டவர்கள் கிளாஸ்கோவாசிகள், அமெரிக்கர்கள், கடற்படை வீரர்கள். ஆகவே வீட்டு அளவில் கிடைக்கும் ‘24 சதவீதம்’ என்பதை இரத்தச் சர்க்கரை அளவைப் போல ஒரு திட்டமான எண்ணாகக் கொள்ளக்கூடாது. அதே ஆள், அதே கருவி, அதே நேரம், அதே முறை என்று அளந்துகொண்டே போனால், எண் எந்தத் திசையில் நகர்கிறது என்பது மட்டும் நம்பத்தக்கதாக அமையும்.

முதல் படி: கருவிகளைச் சரிபார்த்தல்

துணி அல்லது ரெக்சின் டேப் நாள்பட நீளும். புது டேப்பையும் ஒருமுறை கொத்தனார் பயன்படுத்தும் இரும்பு டேப்போடு வைத்து 100 செ.மீ. வரை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை மெஷினைச் சரிபார்க்க வீட்டிலேயே ஒரு படிக்கல் இருக்கிறது: இன்னும் சீல் உடைக்காத சமையல் எரிவாயு சிலிண்டர். அதன் மேல் வெறும் உருளையின் எடை எழுதப்பட்டிருக்கும். அத்துடன் உள்ளிருக்கும் 14.2 கிலோவைக் கூட்டினால் மொத்த எடை தெரியும். மெஷின் மீது ஒரு பலகையை வைத்து, அதன் மேல் சிலிண்டரை நிறுத்தி, பலகையின் எடையைக் கழித்துவிடுங்கள். அரைக் கிலோவுக்குள் ஒத்துப்போனால் போதும். மெஷின் எப்போதும் சமதளமான, கெட்டியான தரையில் இருக்க வேண்டும். பாய், மெத்தை விரிப்பு ஆகியவற்றின் மேல் வைத்தால் எண் மாறும்.

இரண்டாம் படி: நேரத்தை முடிவுசெய்தல்

காலையில் எழுந்து, கழிவறைக்குச் சென்று வந்தபின், காப்பி கூடக் குடிக்காமல், மெல்லிய உடையில் அளப்பது எல்லா முறைகளுக்கும் பொருந்தும். ஒரே நாளில் உங்கள் எடை ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு; அதில் பெரும்பகுதி நீரும் உணவும்தான். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் உப்பு நீரைப் பிடித்துவைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் கூடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் சுழற்சியின் அதே கட்டத்தில் அளப்பது நல்லது.

சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் எடை மடமடவென்று இறங்குவதற்கும் நீர்தான் காரணம். உடலில் சேமித்த ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரோடு சேர்ந்து இருக்கிறது; மாவுச்சத்து தீரும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரே வாரத்தில் 5 கிலோ கொழுப்பைக் குறைக்க நாளொன்றுக்கு 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். பெரும்பாலோர் நாள் முழுக்கச் செலவிடுவதே அதில் பாதியளவுதான். இந்தக் கணக்கு தெரிந்தவர், ‘ஒரே வாரத்தில் 5 கிலோ’ என்ற சுவரொட்டி வாக்குறுதிகளில் ஏமாற மாட்டார்.

மூன்றாம் படி: எடை, உயரம், பி.எம்.ஐ.

இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. செருப்பில்லாமல், குதிகாலும் பிட்டமும் சுவரில் படும்படி நின்று உயரத்தை எடுங்கள். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். உலக அளவிலான அட்டவணை 25-ஐ அதிக எடை என்றும் 30-ஐ உடற்பருமன் என்றும் சொல்லும். இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வகுத்த பரிந்துரை முறையே 23, 25 என்று வரம்பைக் கீழிறக்கியது. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பெரும்பாலும் உலக அட்டவணையைக் கொண்டவை என்பதால், அவை பச்சை நிறம் காட்டினாலும் இந்திய வரம்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வயிற்றுச் சுற்றளவு

ஒரே ஓர் அளவைத்தான் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள் என்பதே என் பரிந்துரை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, கல்லீரலையும் குடலையும் சுற்றிப் படியும் உள்ளுறுப்புக் கொழுப்புத்தான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருக்கமானது. வீட்டில் இருந்தபடி அதை ஓரளவு காட்டிக்கொடுப்பது இந்த அளவுதான்.

முதலில் ஒரு தவறான பழக்கத்தை விலக்க வேண்டும். பேன்ட் அளவு வயிற்றளவு ஆகாது. தொப்பை வந்த ஆண்கள் பேன்ட்டையும் வேட்டியையும் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால், பத்து ஆண்டுகளாக ‘34 இடுப்பு’ என்றே தையற்காரரிடம் சொல்லிவர முடியும். அதற்குள் வயிறு 40 அங்குலத்தைத் தொட்டிருக்கும். பெண்களுக்கு உள்பாவாடை நாடா கட்டும் இடமும் அப்படித்தான். இரண்டையும் மறந்துவிட்டு எலும்பைத் தேடுங்கள்.

விலாவின் பக்கவாட்டில் விரலை வைத்துக் கீழே நகர்த்தினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே டேப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இடம் இதுவே. பாதங்களைச் சற்று அருகருகே வைத்து, கைகளைத் தளர்த்தி, இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் டேப்பைக் கண்டதும் எல்லோரும் தம்மையறியாமல் எக்கவே செய்கிறார்கள். ஆகவே மூன்று முறை மூச்சு விட்டபின் அளக்கத் தொடங்குங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. முதுகுப் பக்கம் டேப் சரிந்துவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் என்பதால், வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கண்ணாடி முன் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாம் முறையும் அளந்து சராசரி எடுங்கள்.

இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. உயரத்தோடு ஒப்பிட விரும்புவோர், வயிற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம், 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 80 செ.மீ.

ஐந்தாம் படி: டேப்பிலிருந்து கொழுப்புச் சதவீதம்

1984-இல் ஹாட்ஜ்டன், பெக்கெட் ஆகிய இருவர் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய வாய்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இதற்கு எடுக்கும் இடங்கள் சற்று மாறுபடும் என்பதைக் கவனியுங்கள். ஆண்கள் வயிற்றைத் தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும். பெண்கள் இடை மிகக் குறுகும் இடத்தில் அளந்து, தையற்காரர்கள் ‘சீட்’ என்று குறிக்கும் பிட்டத்தின் மிக அகன்ற இடத்தையும் அளக்க வேண்டும். கழுத்தை, குரல்வளை முடிச்சுக்குச் சற்றுக் கீழே, டேப் முன்பக்கம் லேசாகத் தாழும்படி வைத்து அளக்க வேண்டும். எல்லாம் சென்டிமீட்டரில்.

ஆண்: 495 ÷ [1.0324 − 0.19077 × மடக்கை(வயிறு − கழுத்து) + 0.15456 × மடக்கை(உயரம்)] − 450

பெண்: 495 ÷ [1.29579 − 0.35004 × மடக்கை(இடை + சீட் − கழுத்து) + 0.22100 × மடக்கை(உயரம்)] − 450

இங்கே மடக்கை என்பது பத்தடிமான மடக்கை. கைப்பேசிக் கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் ‘லாக்’ பொத்தான் தெரியும், அருகிலுள்ள ‘எல்.என்.’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஓர் ஆணின் எடை 70 கிலோ, உயரம் 168, வயிறு 92, கழுத்து 38 என்று கொள்வோம். வயிற்றில் கழுத்தைக் கழித்தால் 54; அதன் மடக்கை 1.7324. 168-இன் மடக்கை 2.2253. அடைப்புக்குள் வருவது 1.0459. அதனால் 495-ஐ வகுத்து 450-ஐக் கழித்தால் சுமார் 23.3 சதவீதம். ஆக, எழுபதில் 16.3 கிலோ கொழுப்பு, மிச்சம் 53.7 கிலோ. இப்போது வயிற்றை 92-க்குப் பதில் 93 என்று படித்திருந்தால் விடை 24.0 ஆகியிருக்கும். ஒரு சென்டிமீட்டர் சறுக்கலுக்கு 0.7 சதவீதப் புள்ளி மாறுகிறது என்பதால்தான் நான்காம் படியில் அத்தனை கண்டிப்பு. பெண்ணுக்கு: உயரம் 155, இடை 84, சீட் 98, கழுத்து 33 என்றால் விடை சுமார் 35.7 சதவீதம். அவர் எடை 58 கிலோ என்றால் பி.எம்.ஐ. 24.1 மட்டுமே.

இந்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? பெண்ணுடலுக்கு இயற்கையாகவே கொழுப்பு அதிகம் தேவை என்பதால் இருபாலருக்கும் ஒரே வரம்பு கிடையாது. இந்திய ஆய்வுகளில் ஆண்களுக்கு 25 சதவீதத்துக்கு மேலும், பெண்களுக்கு 30 சதவீதத்துக்கு மேலும் இருப்பதை மிகை என்று கொள்வது வழக்கம்.

ஆறாம் படி: காலிப்பர், விரும்புவோருக்கு மட்டும்

தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளி, மடிப்பின் தடிமனை மில்லிமீட்டரில் படிக்கும் கருவி இது. 1974-இல் டர்னினும் வோமர்ஸ்லியும் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து நிறுவிய முறையில் நான்கு இடங்கள்: மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, இடுப்பெலும்புக்குச் சற்று மேல். எப்போதும் உடலின் வலப்பக்கம். இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, விரலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காலிப்பரை வைத்து, இரண்டு விநாடியில் எண்ணைப் படிக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் கொழுப்பு அமுங்கி எண் குறையும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வேண்டாம், மடிப்பு வழுக்கும். உடற்பயிற்சி முடித்த சூட்டிலும் வேண்டாம்.

பழகாத கையில் இந்தக் கருவியால் பயன் குறைவு. ஜிம்மில் பயிற்சியாளர் அளப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே பயிற்சியாளரே அளக்கட்டும். சதவீதமாக மாற்றாமல், நான்கு இடங்களின் மில்லிமீட்டர் கூட்டுத்தொகையை அப்படியே எழுதி வைப்பது இன்னும் நேர்மையானது. வாய்பாட்டின் பிழை அதில் புகாது.

ஏழாம் படி: மின்தடைக் கருவிகளைப் புரிந்துகொள்ளுதல்

இன்று அதிகம் புழங்குவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இவைதான். பூங்கா வாசலிலும் நடைப்பயிற்சி மைதானத்திலும் இலவசமாக ‘பாடி செக்கப்’ செய்வதாகச் சொல்லிக் கையில் பிடிக்கத் தரும் சிறு கருவி, வீட்டுக்கு வாங்கும் ஸ்மார்ட் எடை மெஷின், ஜிம்மில் கைப்பிடியோடு நிற்கும் பெரிய இயந்திரம் ஆகிய எல்லாம் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. உணர முடியாத அளவு சிறிய மின்சாரம், வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உடலுக்குள் செலுத்தப்படுகிறது. நீர் நிறைந்த தசை அதை எளிதாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். கருவி அறிவது அந்தத் தடையை மட்டுமே. அதிலிருந்து உடல் நீரைக் கணித்து, கொழுப்பற்ற பகுதியில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தால் கொழுப்பற்ற எடையைக் கணித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. நீங்கள் பதிவுசெய்த வயது, உயரம், பாலினம் ஆகியவையும் அந்தக் கணக்கில் பெரும்பங்கு வகிக்கின்றன.

கையில் பிடிக்கும் கருவியில் மின்சாரம் கைகளுக்கும் மார்புக்கும் இடையே போகிறது. வீட்டு மெஷினில் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடுகிறது. இரண்டுமே தொப்பையை நேராகக் கடப்பதில்லை. கையிலும் காலிலும் சேர்த்து எட்டு மின்முனைகள் கொண்ட பெரிய இயந்திரம் ஒப்பீட்டளவில் மேலானது.

மதுரை வெயில் இங்கே முக்கியமான காரணி. சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம் நடந்து வியர்த்தபின் ஏறி நின்றால், நீர் குறைந்திருப்பதையும் தோல் சூடேறி இருப்பதையும் கருவி முறையே கொழுப்பாகவும் தசையாகவும் தவறாக மொழிபெயர்க்கும். அதனால்தான் மைதானத்தில் நடைமுடிந்து எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை. வீட்டில், எழுந்தவுடன், கால்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏறுங்கள். செருப்பில்லாமல் நடந்து பாதத்தோல் தடித்தவர்களுக்கு இது மிகவும் அவசியம். கொலுசு, மெட்டி, மோதிரம் ஆகியவற்றைக் கழற்றுவது நல்லது. தாலியைக் கழற்றும் வழக்கம் இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் அதே நகையோடு அளந்தால் ஒப்பீடு கெடாது. சில மெஷின்களில் ‘விளையாட்டு வீரர்’ என்றொரு தேர்வு உண்டு. அதை மாற்றினால் அதே உடலுக்குக் கொழுப்பு பல புள்ளிகள் குறைந்து தெரியும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே இருங்கள்.

‘விசெரல் ஃபேட்’, அதாவது உள்ளுறுப்புக் கொழுப்பு, என்று வரும் எண் ஒரு நிறுவனத்தின் கருவியில் 1 முதல் 30 வரையும் மற்றொன்றில் 1 முதல் 59 வரையும் போகும்; ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ‘உடலின் வயது’ என்ற எண்ணைப் புறக்கணியுங்கள். ஐம்பது வயதுக்காரரிடம் உடலுக்கு அறுபத்தெட்டு வயது என்று சொன்ன கையோடு ஊட்டச்சத்துப் பொடி டப்பாவை நீட்டுவதற்கு அது வசதியான எண். மருத்துவத்தில் அதற்கு இடமில்லை.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் பொருத்தப்பட்டவர்கள் இவற்றில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறால் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வீட்டு மெஷின் காட்டும் எண் பொருளற்றது.

எட்டாம் படி: டெக்ஸா ஸ்கேன் தேவையா?

இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்றத் திசு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் முறை இது. கை, கால், நடு உடல் என்று பகுதி பகுதியாகக் கொழுப்பும் தசையும் தெரியும். கதிர்வீச்சு மிகக் குறைவு. இயற்கையிலிருந்து ஓரிரு நாளில் நம் மேல் படும் அளவுதான். ஆனாலும் கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை.

ஸ்கேன் மையத்துக்குத் தொலைபேசியில் கேட்கும்போது ‘டெக்ஸா இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. எலும்புத் தேய்மானத்துக்காக முதுகுத்தண்டையும் இடுப்பையும் மட்டும் எடுக்கும் வசதியே பல இடங்களில் இருக்கும். முழு உடலையும் எடுத்து, கொழுப்பு, தசை விவரத்தோடு அறிக்கை தருவார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். அண்மையில் பேரியம் குடித்தோ, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியோ ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பொது உடல்நலத்துக்காக எடை குறைப்பவருக்கு இது கட்டாயமில்லை. எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தசை கரைகிறதா என்று பார்ப்பவருக்கும், போட்டி விளையாட்டில் இருப்பவருக்கும் செலவுக்கேற்ற பயன் உண்டு. மறு ஸ்கேனை அதே இயந்திரத்தில், குறைந்தது ஆறு மாதம் கழித்து எடுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதி வைத்தல், வாசித்தல்

ஒரு நோட்டில் தேதி, எடை, வயிறு, கழுத்து, மின்தடைக் கருவி காட்டும் கொழுப்புச் சதவீதம், முதல் நாள் விசேஷ உணவு உண்டா என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். எடையை வாரத்தில் மூன்று நான்கு நாள் பார்த்துச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்; வயிற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சதவீதத்தை மாதம் ஒருமுறை. மின்தடைக் கருவியில் ஓரிரு புள்ளி நகர்வதைப் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து மூன்று மாதம் ஒரே திசையில் போனால்தான் அது செய்தி.

எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது வயிற்றளவுக்கு முன்னுரிமை கொடுங்கள். எடை மாறாமல் வயிறு 3 செ.மீ. குறைந்திருந்தால், அதுவும் உடற்பயிற்சி தொடங்கிய புதிதில், கொழுப்பு குறைந்து தசை கூடியிருக்கும் வாய்ப்பு அதிகம். சோர்ந்து கைவிட வேண்டியதில்லை. எடையும் குறைந்து, வயிறு மட்டும் அப்படியே இருந்தால் கரைவது தசையாக இருக்கலாம். உணவில் பருப்பு, முட்டை, மீன், பயறு போதுமா, பளு தூக்கும் பயிற்சி உண்டா என்று பார்க்க வேண்டிய இடம் அது.

அறுபதைக் கடந்தவர்களுக்கு

வீட்டுப் பெரியவர்களை அளக்கும்போது மேற்சொன்ன வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொழுப்பு கூடுவதைப் போலவே தசை குறைவதும் ஆபத்து. இரண்டும் சேர்ந்து நடந்தால் எடை மெஷினில் எதுவுமே தெரியாது. தாத்தாவையோ அப்பத்தாவையோ நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிய, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை டேப்பால் அளங்கள். ஆசியர்களுக்காக 2019-இல் வகுக்கப்பட்ட பரிந்துரைப்படி ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் தசையிழப்பு இருக்கிறதா என்று ஆராய வேண்டும். பிசியோதெரபி மையத்தில் கைப்பிடி வலுவை அளக்கும் கருவி இருந்தால், ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் கீழ்வரம்பு.

கெண்டைக்கால் மெலிந்து வயிறு பருத்திருக்கும் பெரியவருக்குச் சோற்றைக் குறைப்பதும் இரவில் பட்டினி போடுவதும் சரியான வழியன்று. வயிற்றளவையும் கால் அளவையும் எழுதிய நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்தபின் உணவையும் பயிற்சியையும் மருத்துவர் சொற்படி அமைத்துக்கொள்ளுங்கள்.